முத்துவேல் போட்ட டிக்

திருப்புலிவனத்தில் முத்துவேலைத் தெரியாதவர்கள் இல்லை என்பது முத்துவேலின் கருத்து. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் போனால் ஊரே அவரைத் தேடும், வந்துவிட்டால் மறந்துவிடும். இரண்டில் முதலாவதை மட்டும் அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மரியாதைக்கு ஒன்பது வருடம் முன்னால் பங்கம் வந்தது. கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் தம்பி சுப்பிரமணியின் பெயரை மேலேயும் இவர் பெயரைக் கீழேயும் அச்சடித்துவிட்டார்கள். அச்சகத்தில் நடந்த தவறு என்றான் சுப்பிரமணி. முத்துவேல் அன்றோடு பேச்சை நிறுத்தினார். யாராவது காரணம் கேட்டால், “அது பெரிய விஷயம்” என்பார். விளக்கமாகச் சொல்லத் தொடங்கினால் எவ்வளவு சின்ன விஷயம் என்பது தனக்கே தெரிந்துவிடும் என்ற பயம்.

சென்ற ஆண்டு அவருக்கு வலிப்பு வந்தது. அதற்குக் கொடுத்த மாத்திரை பன்னிரண்டாம் நாள் வேலையைக் காட்டியது. வாயெல்லாம் புண். முதுகுத் தோல் உரிந்து படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டது. இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் நர்ஸ் பிரிஸ்கில்லா அவரை உட்காரவைத்துச் சொன்னார்.

“அய்யா, பொறப்புலயே உங்க உடம்புல ஒரு மரபணு இருக்கு. அது இருக்கறவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. கூடப் பொறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் இருக்கலாம்.”

“மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடியே இந்த டெஸ்ட்ட எடுத்துக்கினா இன்னாம்மா?”

“எடுக்கலாம். ஆனா இங்க அதுக்கு ஏற்பாடு இல்ல. தோலு உரிஞ்சப்புறம்தான் எடுக்கறோம்.” அதைச் சொல்ல பிரிஸ்கில்லாவுக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். உறவினர்களுக்குத் தெரிவிக்கலாமா? ஆம், இல்லை. அனுமதியில்லாமல் யாருக்கும் சொல்லமாட்டோம், அது உங்கள் உரிமை என்றார். உரிமை என்ற சொல் முத்துவேலுக்கு இனித்தது. தம்பிக்கு வேண்டிய ஒன்று தன் கையில் இருக்கிறது, கொடுப்பதும் கொடுக்காததும் தன் இஷ்டம். ‘இல்லை’யில் டிக் போட்டு, கையெழுத்தையும் அழகாகப் போட்டார்.

பங்குனி மாதம் மனைவி ஆதிலட்சுமி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவளும் ஓரகத்தியும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தியவர்கள் இல்லை.

“உன் தம்பிக்கு மூஞ்சில நரம்பு வலியாம். வாலாஜாபாத்துல மாத்திரை குடுத்துக்கீறாங்க. அட்டைய பாத்தேன். உன்ன உரிச்ச அதே மாத்திரை.”

“நீ சொல்ல வேண்டிதான?”

“சொன்னேன். ‘எனுக்கு வலி நின்னுது அவருக்குப் பொறுக்கல, நெசம்னா அவரே வந்து சொல்லட்டும்’னுட்டாரு உன் தம்பி.”

முத்துவேலுக்கு விரிப்போடு ஒட்டிய முதுகு ஞாபகம் வந்தது. தம்பியின் முதுகை அப்படி நினைத்துப் பார்க்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் பத்து வீடு தள்ளி ஓடினார். தம்பி வீட்டு வாசலை எட்டியதும் மரியாதை நினைவுக்கு வந்து நின்றுவிட்டார்.

சுப்பிரமணி பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். முத்துவேல் பசுவைப் பார்த்துப் பேசினார்.

“அந்த மாத்திரைய நிறுத்தணும். சொல்லிட்டேன்.”

சுப்பிரமணியும் பசுவிடமே பதில் சொன்னான். “மாத்திரை துன்றது நானு. மாட்டாண்ட சொன்னா இன்னா ஆவும்?”

பசு இருவரையும் மதிக்காமல் குடித்தது. முத்துவேல் சட்டையைக் கழற்றினார். திரும்பி நின்று, திட்டுத் திட்டாக வெளுத்த முதுகைக் காட்டினார். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அப்படி நிற்பது வசதியாகவும் இருந்தது.

“டேய் சுப்பிரமணி, உனுக்கும் இப்டி ஆவும்டா. துன்னாத.”

ஒன்பது வருடத்தில் நேராகப் பேசிய முதல் பேச்சு. பின்னால் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“உனுக்கு எத்தினாவது நாளுண்ணா வந்துச்சு?”

“பன்னண்டு.”

“எனுக்கு இன்னியோட எட்டு. காலையிலருந்து ஜுரமா கீது.”

அடுத்த பஸ்ஸில் இருவரும் உத்திரமேரூர் போய், அங்கிருந்து அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தி, ரத்தம் எடுத்து, சுப்பிரமணியைப் படுக்கவைத்தார். நல்ல வேளையாக வந்தீர்கள் என்றார். முத்துவேல் தலையாட்டவில்லை. தான் ஒரு கட்டம் தள்ளி டிக் போட்டிருந்தால், தம்பி முதல் மாத்திரையையே விழுங்கியிருக்கமாட்டான்.

அவர் பிரிஸ்கில்லாவைத் தேடிப் போய் வேறு படிவம் கேட்டார். ‘ஆம்’ என்பதில் டிக் போட்டார். யாருக்கெல்லாம் தெரிவிக்கலாம் என்று கேட்ட இடத்தில், முதல் வரியில் சுப்பிரமணி என்று எழுதினார். அடுத்து தன் பிள்ளைகள் பெயர். கையெழுத்துக்கு இடம் அடியில்தான் இருந்தது.

தம்பி பெயர் மேலே, இவர் பெயர் கீழே. இந்த முறை அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை, எழுதியது அவர் கைதான்.