மாமனாரின் பெயர்

மலாயாவில், தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக எனக்கு முதல் வேலை; தோட்டத்தார் 'மிஸ்ஸி' என்பார்கள். 1920களின் நடுப்பகுதி அது. பிரசவப் பதிவேட்டை நிரப்பி நிரப்பி ஒரு விஷயம் கண்ணில் பட்டது: தலைமகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரையே வைக்கிறார்கள். பேரனின் பெயரைக் கொண்டே, இந்த மண்ணை மிதிக்காத ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்தையும் மேலிருந்து கீழாக ஒரு தனி நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

அந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் விதவை ஒருத்தி வந்தாள். அவள் மகனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பெண் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் பெண்ணின் தாய்மாமன் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளைக்கும் பெண்ணின் அண்ணனுக்கும் ஒரே பெயர், இருவரும் தலைமகன்கள், பூர்வீக ஊரும் ஒன்று. அப்படியானால் தாத்தாவும் ஒருவர்தானே? பங்காளி வீட்டில், அண்ணன் தங்கை முறையில், கல்யாணம் எப்படி?

என் நோட்டும் அதையேதான் சொன்னது. "உங்க மாமனார் பேரு என்ன?" என்று அவளிடம் கேட்டேன்.

"அவங்க பேர நான் எப்படி மிஸ்ஸி சொல்றது?"

"உங்க மகன் பேருதானே?"

"அந்தப் பேரு இல்லன்னு தலையால அடிச்சுக்கிறேன். 'அப்ப என்னா பேரு, சொல்லு'ங்கிறாரு அந்த மனுஷன். சொன்னா என் நாக்கு வெந்துடாதா?"

"பின்ன, மகனுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிள்ளை பிறந்தபோது புருஷன் காய்ச்சலில் கிடந்தானாம், அதிலேயே போய்விட்டான். பெயர் பதியத் தனியே போனவளை, சீக்கிரம் பெயரைச் சொல் என்று ஆபீஸில் எழுதும் கிராணி அதட்டியிருக்கிறார். வைக்க நினைத்ததோ மாமனாரின் பெயர். ஜன்னலுக்கு வெளியே கோயில் தெரிந்தது. அந்தச் சாமியின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

என் நோட்டை நினைத்துப் பார்த்தேன். இன்னும் எத்தனை சாமிகள் அதில் தாத்தாக்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

"உங்க வீட்டுக்காரர் கப்பல்ல வந்த சீட்டு இருக்கா?"

தகரப்பெட்டியின் அடியில் இருந்தது. மேலே ராஜாவின் கிரீட முத்திரை; ஆள் பெயர், தகப்பன் பெயர், ஊர், எல்லாம் ஆங்கிலத்தில். தாய்மாமனை வரவழைத்து, தகப்பன் பெயரை உரக்கப் படித்தேன். முற்றிலும் வேறு பெயர். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் சீட்டை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார். "இத முன்னாடியே காட்டியிருக்கலாம்லா!"

"எனக்கு எழுத்தா தெரியும்? நீங்களே தலைகீழாத்தான் புடிச்சிருக்கீங்க. கிரீடம் கீழ இருக்கு பாருங்க," என்றாள் அவள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: பெயர் சொன்னவர் யார்?

மறுவருடம் அவளுடைய பேரன் என் கையில் பிறந்தான். வழக்கப்படி அவனுக்கு அவள் புருஷனின் பெயர். பதிவேட்டைத் திறந்ததும் அவள் மெல்ல வாசலுக்கு வெளியே பார்த்தாள்.

"சாமி வேண்டாம், மகன் வரட்டும்," என்று பேனாவைக் கீழே வைத்தேன். அவன் மரம் வெட்டிவிட்டு வரும்வரை பெயருக்கான இடம் காலியாகவே இருந்தது.