பூஜையில் வைத்த புல்வெளி

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆயுத பூஜை. பூஜை நடந்தது ஒரகடம் பக்கம், வடக்குப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டில். நான் இருந்ததோ ஸ்காட்லாந்தில். தண்ணீரும் மருந்தும் அதிகம் கேட்காத தோட்டங்களை வடிவமைக்கும் படிப்புக்காகப் போயிருந்தேன். கல்யாணமான சூட்டோடு கணவரை விட்டுவிட்டுக் கிளம்பியதில், வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு அவல் கிடைத்தது.

என் கடைசி வருட ப்ராஜெக்ட் வடக்குப்பட்டு வீட்டின் பின்பக்கத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. வீடு கட்டியபோது செங்கல் தூளும் ஜல்லியும் கொட்டிய துண்டு நிலம். யாரும் விதைக்காமல், தண்ணீர் விடாமல் அதில் தானாக என்ன முளைக்கிறது என்று ஒரு வருடம் பார்த்து, அதை வைத்துத் தோட்டம் வரைய வேண்டும். கார் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் கணவர் ஞாயிறுதோறும் படம் அனுப்புவார். "அதுதான் என் புஸ்தகம், யாரையும் தொட விடாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், படம் வந்ததும் நான் முதலில் தேடுவது ஓரத்தில் விழுந்திருக்கும் அவர் நிழலைத்தான்.

ஆயுத பூஜை என்றால் நம் வீடுகளில் ஒட்டடை முதல் வாசல் புல் வரை எதுவும் தப்பாதே! அன்று வகுப்பு இடைவேளையில் வீடியோ காலில் கூப்பிட்டால், பின்பக்கத்தில் நாத்தனார், கையில் அரிவாளோடு. தம்பிக்கு ஒத்தாசையாக வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தார்.

"இன்னாடா இது, நல்ல நாளும் அதுவுமா வூட்டாண்ட காடு மாதிரி கீது? பாம்பு பூந்துக்கும்டா!"

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தனை மாத உழைப்பும் ஒரு வீச்சில் போய்விடும். ஓடிப்போய்க் குறுக்கே நிற்கக்கூட முடியாத தூரத்தில் இருக்கிறேனே என்று அழுகை முட்டியது.

கணவர் அக்காவிடம் வாதாடவில்லை. உள்ளே போய்ச் சந்தனம், குங்குமத்தோடு வந்தார். நிலத்தின் நான்கு மூலையிலும் அடையாளத்துக்கு வைத்திருந்த செங்கற்களுக்குப் பொட்டு வைத்தார். தன் பைக்குக்கு வாங்கிய சாமந்திச் சரத்தை அங்கே முளைத்திருந்த ஆவாரஞ்செடிக்குப் போட்டார்.

"இது அவ புக்கு, அக்கா. பூஜையில வெச்சாச்சு. பூஜையில வெச்ச புக்கை யாருனா தொடுவாங்களா?"

நாத்தனார் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அரிவாளைக் கழுவி, அதற்கும் பொட்டு வைத்து, செடிக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். கை தானாகப் போய் போன் திரையைத் தடவியது.

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துவிடலாம். எனக்கு அந்த மறுநாள் அடுத்த வெயில் காலத்தில்தான் வந்தது. ஊர் திரும்பிய அன்று, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் கணவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஆவாரையும் துத்தியும் இடுப்பளவு நின்றன.

"இப்ப தொடலாம், தொட்டுக்கோ" என்றார்.

நான் பிடித்துக்கொண்டது அவர் கையை.

இன்று ஊருக்கெல்லாம் தோட்டம் வரைகிறேன். ஆனாலும் அவருக்கு ஷிப்ட் மாறி, முகம் பார்த்துப் பேசக்கூட வாய்க்காத வாரங்களில் அந்தப் பழைய ஏக்கம் எட்டிப் பார்க்கும்போது, பின்பக்கம் போய் அந்தச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன், எனக்காக ஒருவர் காத்திருந்த இடம் அது என்பதால்.