இரண்டு மடிக்கணினிகளும் காளவாசல் சந்திப்பும்

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிக்கும் சமயம் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் பல வாரங்கள் ஓடியது. மடிக்கணினி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. மற்ற வீடுகளில் பிள்ளைகள் விலை கூடியதைக் கேட்பார்கள், பெற்றவர்கள் மறுப்பார்கள். எங்கள் வீட்டில் சாதாரணமானதே போதும் என்று சொன்னவள் நான். உயர்ந்த ரகம்தான் வேண்டும் என்று நின்றவர் அப்பா.

அப்பா தனியார் பேருந்து ஓட்டினார். ஆரப்பாளையத்தில் எடுத்து, காளவாசல், உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போய்த் திரும்புவார். பல வருஷம் அவருக்கு வாய்த்தது இழுவை இல்லாத ஒரு பழைய வண்டி. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் சரக்கு லாரிகள்கூட அவரை முந்திக்கொண்டு போகும். அந்த எரிச்சலில் எல்லா இயந்திரங்களைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உறைந்துபோயிருந்தது.

"வாங்குறது ஒரு தடவ. இஞ்சின் பெருசா இருந்தா மெதுவாவும் போலாம், வெரசாவும் போலாம். சின்ன இஞ்சின வச்சுக்கிட்டு வெரசாப் போக முடியாதுல்ல?" என்பார்.

அது தவறென்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் இரண்டிலும் ஒரே படம்தான் தெரிந்தது. ஏறக்குறைய இரட்டை விலை கொடுத்தால் உள்ளே எது இரட்டிப்பாகிறது? கல்லூரி ஆய்வகத்து ஆசிரியரைக் கேட்டேன். "கான்ஃபிகரேஷன் நல்லா இருக்கும்மா" என்றார். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தியைக் கேட்டேன். "கேம் வெளாட நல்லாருக்கும்பாங்க" என்றாள். எனக்கு விளையாட்டில் ஆர்வமில்லை. புரியாத ஒன்றுக்காக அப்பாவின் காசைக் கொட்ட மனம் வரவில்லை. அதே நேரம், அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் விடவும் மனம் வரவில்லை.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கோச்சடையில் எங்கள் வீடு, கல்லூரி பசுமலையில். தினமும் காளவாசலில் நின்று பேருந்து மாற வேண்டும். நாலு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சந்திப்பைப் பார்த்துப் பார்த்து, அதை அப்படியே கணினிக்குள் கொண்டுவர முடியுமா என்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். வண்டிகள் எல்லாம் வண்ணப் புள்ளிகள். பச்சை விழுந்தால் நகரும், சிவப்பு விழுந்தால் நிற்கும். நூறு புள்ளிவரை ஆய்வகக் கணினி தாங்கும். அதற்கு மேல் போட்டால் எல்லாம் திக்கித் திணறும். இந்தப் புரோகிராமைப் பென்டிரைவில் எடுத்துப்போய் இரண்டு மடிக்கணினியிலும் ஓடவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும் அல்லவா?

அப்பாவிடம் சொன்னேன். "அதாவது ரெண்டு வண்டியவும் கணவாய் ஏத்திப் பாக்கணுங்கிற" என்றார். அடுத்த நாள் அவருக்கு ஓய்வு நாள். கிளம்பிவிட்டோம்.

கடை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கணவனும் மனைவியுமாக நடத்தினார்கள். கணவர் முன்னால் நின்று விற்பார். அந்த அக்கா உள்ளே மேசையில் உட்கார்ந்து பில் போடுவதும் பழுதுக்கு வரும் கணினிகளை வாங்கி வைப்பதுமாக இருப்பார். அப்பா பெரியதைக் காட்டி, "தம்பி, இதத்தான் பாக்க வந்தோம்" என்றதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. "நல்ல பீஸ்ண்ணே. காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற வரைக்கும் கவலையில்ல."

உள்ளேயிருந்து அக்கா எதையோ சொன்னார். தமிழில் இல்லை, சௌராஷ்டிராவில். கடைக்காரரும் திரும்பாமலே அதில் பதில் சொன்னார். வாடிக்கையாளர் முன்னால் வீட்டு விஷயம் பேசுவதுபோலச் சாதாரணமான குரலில்தான் இரண்டு பேரும் பேசினார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று, எனக்கு அது புரிந்தது. ஐந்தாம் வகுப்புவரை நாங்கள் மகால் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். சுற்றிலும் சௌராஷ்டிரா குடும்பங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய காலத்தில் அந்த மொழி என் காதில் ஏறியிருந்தது. பேச வாய் வராது. கேட்டால் முக்கால்வாசி விளங்கும்.

அக்கா சொன்னது இதுதான்: அந்தப் பெரியதை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதே, ஏற்கெனவே விற்ற ஒன்று, கொதிக்கிறது என்று ரெண்டுதரம் திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது: அவங்க அப்பாவே ஆசைப்பட்டுக் கேட்கிறார், நான் என்ன செய்ய? அக்கா: பிறகு அவர் வந்து நின்றால் நீதான் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்காததுபோல இருந்துவிடலாமா, அப்பாவை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தவள், எனக்கே தெரியாமல் உடைந்த சௌராஷ்டிராவில் கேட்டுவிட்டேன்: "எம்புட்டுச் சூடு ஆகும்?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் சிரித்தது அக்காதான். "பாப்பா, நீ எந்தத் தெரு?" என்று தமிழில் கேட்டார். நாங்கள் இருந்த சந்தைச் சொன்னேன். அவருடைய பெரியம்மா வீடு அடுத்த சந்தில் என்றார். கடைக்காரர் காது சிவக்க, "ஒளிக்கணும்னு இல்லண்ணே" என்று அப்பாவிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார். "கம்பெனி சர்வீசுக்கு அனுப்புனோம். பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு திருப்பி விட்டுட்டாங்க. ஏன் சுடுதுன்னு எங்களுக்கும் வெளங்கல."

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. ரெண்டையும் எடுத்து வைங்க. எம் மக ஓட்டிப் பாக்கட்டும்" என்றார்.

அந்த மத்தியானம் கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இல்லை. பெரியதையும் சின்னதையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் காளவாசலை ஓடவிட்டேன். நூறு புள்ளிக்கு இரண்டிலும் வித்தியாசமே இல்லை. இருநூறுக்கும் இல்லை. அக்கா மேசையை விட்டு எழுந்து வந்து நின்றார். ஐநூறு போட்டதும் சின்னது தடுமாற ஆரம்பித்தது. புள்ளிகள் நடப்பதை விட்டுத் தாவித் தாவிப் போயின. பெரியது அசரவில்லை; அதன் விசிறிச் சத்தம் மட்டும் கூடியது.

"பாத்தியா" என்றார் அப்பா. பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இதுல நான் எது?"

"பஸ்செல்லாம் செவப்புப்பா. பெரிய புள்ளி."

"பஸ்ஸு இப்பிடி வரிசையில நிக்காது ஆத்தா. எவனாவது கையக் காட்டுவான், ஸ்டாப்பத் தாண்டி நிறுத்தணும். அதையும் போடு."

கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "ஆட்டோ எதிர்ப்பக்கமா வருமேம்மா, அது எங்க?" என்றார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் அங்கேயே நின்று வரிகளைச் சேர்த்தேன். சோதிக்க வந்தது கணினியையா காளவாசலையா என்பது எங்கள் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

அப்போது கரண்ட் போனது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருஷம் அது. கடையின் இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடின. மடிக்கணினிகள் இரண்டும் பேட்டரிக்கு மாறின. நான் எதிர்பார்க்காதது அதற்கப்புறம்தான் நடந்தது. அத்தனை நேரம் சிட்டாய்ப் பறந்த பெரியது, சின்னதைப் போலவே தடுமாறியது. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தெரியாது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கரண்ட் திரும்ப வருவதற்குள் பெரியதன் பேட்டரி தீர்ந்து அணைந்தே போனது. சின்னது ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா தாடையைச் சொறிந்தார். "நம்ம ஏரியால கரண்டு இருக்கிற நேரம் கம்மியா இல்லாத நேரம் கம்மியா?" என்று என்னைக் கேட்டார். கடைக்காரரிடம் திரும்பி, "சின்னதையே கட்டிருங்க தம்பி" என்றார்.

வாங்கிய பிறகு என் எண்ணம் ஒன்றும் நிலையாக இல்லை. வீட்டில் ஐநூறு புள்ளி போடும்போதெல்லாம் பெரியதன் ஞாபகம் வரும். அப்பாவும் விடவில்லை, கடை இருக்கிற பக்கம் போய்விட்டு வந்தால், "அந்தப் பெரிய வண்டி இன்னும் கண்ணாடிக்குள்ளதான் இருக்கு" என்பார். ஒரு சாயங்காலம் காளவாசலில் பேருந்துக்கு நிற்கையில், சிவப்பு விழுந்து நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருக்கிறவன் நகராதவரை பின்னால் இருக்கிற யாரும் எதுவும் செய்வதில்லை. ஒருவர் தினத்தந்திபோல எதையோ பிரித்துப் படித்துக்கொண்டுகூட இருந்தார். அப்படியானால் நிற்கிற புள்ளிகளை என் புரோகிராம் ஏன் ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்? முதல் வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால் போதாதா? பேருந்து முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்து, வீட்டில் செருப்பைக் கழற்றிய கையோடு மாற்றி எழுதினேன். சின்னதிலேயே ஐநூறு ஓடியது. எந்தப் பரீட்சை முடிவும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் கடையக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். விடுமுறை முடியும்வரை கடையில் வந்து இருக்கிறாயா, எனக்கும் பேச்சுத்துணை, நீயும் எங்க பேச்சைச் சரியாகக் கத்துக்கலாம் என்றார். போனேன். இரண்டாவது வாரம், கொதிக்கிறது என்று இரண்டுமுறை வந்த அதே பெரிய மடிக்கணினி மூன்றாவது முறையாக வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. "இனி நாமளே தெறந்து பாக்கலாம். தெறக்குறியா?" என்றார் அக்கா.

திறந்தேன். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த இடம் தெரியும்படி காகிதத்தில் வரிசையாக வைத்தேன். விசிறியை எடுத்ததும், காற்று வெளியேறும் கம்பி இடுக்கில் கம்பளித் துண்டுபோல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தேன். முழுசாக வந்தது. அக்கா அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நூல் பிசிறு. தறிப் பிசிறு" என்றார்.

அந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தவன் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பையன். சேலை பார்டருக்குக் கணினியில் டிசைன் போடுகிறவன். மாலையில் அவன் வந்தபோது, எங்கே வைத்து வேலை செய்கிறாய் என்று கேட்டோம். தறிக்குப் பக்கத்து மேசையில் என்றான். தறி ஓட ஓடப் பறக்கிற பிசிறை அந்தப் பெரிய விசிறி மும்முரமாக உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேசையை மாடிக்கு மாற்றினான். அதன் பிறகு அது கடைக்கு வரவே இல்லை.

அப்படியென்றால் அந்தக் கணினியில் குறையே இல்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப அது நல்ல வண்டிதான்."

"ஆமாப்பா."

"அப்பவே சொன்னேன்ல." குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஒரு வழக்கு ஜெயித்த திருப்திதான் இருந்தது. பிறகு, "நம்மதுக்குள்ள என்ன அடைச்சிருக்கோ" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உத்தரவாதம் போனால் போகட்டும் என்று, கூடத்தில் பழைய வேட்டியை விரித்து எங்களுடையதைத் திறந்தோம். எங்கள் பக்கத்துப் பைபாஸ் ரோட்டு டீசல் புகை கரிய மெல்லிய படலமாக எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. எது எதற்கு என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாதிக்குத் தெரியவில்லை; அவற்றைப் பிறகு தேடிப் படிப்பதாகச் சொல்லிவைத்தேன். பிராசஸர் என்று நான் காட்டிய, நகம் அளவே இருந்த சதுரத்தைத் தொட்டு, "இதுதான் இஞ்சினா?" என்று இரண்டு தடவை கேட்டார். விசிறியை உள்ளங்கையில் வைத்து ஊதினார். சுற்றியது. மறுபடி ஊதினார்.

எல்லாவற்றையும் பூட்டி, பொத்தானை அமுக்கினேன். திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம்வரை அந்தச் சின்ன மடிக்கணினி உழைத்தது. அன்றைக்கு வேட்டியை மடித்துக்கொண்டே அப்பா கேட்டார், "டிவிக்குள்ள என்ன இருக்கும்?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அத நாடகம் முடிஞ்ச பெறகு பாருங்க."