உப்புத் தண்ணீரில் குழைத்த கூரை

மதியத்தில் பாயிலிருந்து உருண்டு வெறுந்தரையில் கன்னத்தை வைத்தால், மெழுகு தேய்த்த சிவப்புச் சீமெந்தின் குளிர் பல் வரைக்கும் ஏறும். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தில், சரவணையில் எங்கள் பகல் பராமரிப்பு நிலையத்தின் தரை அது. வெளியே மண் கொதிக்கிற நேரத்திலும் உள்ளே காற்று நின்றதில்லை. மேற்குச் சுவர் முழுவதும் ஓட்டைக் கற்களால் கட்டப்பட்டிருந்தபடியால், நித்திரையில் கிடக்கும் பிள்ளைகளின் முதுகில் வெளிச்சம் சதுரம் சதுரமாக விழுந்து கிடக்கும். அந்தக் கட்டடத்தைப் பற்றி இனிமையாக எழுதித் தரும்படி கேட்டவர்கள் உண்டு. இனிமையாகத்தான் தொடங்கியிருக்கிறேன். அப்படியே முடிக்க என்னால் முடியாது.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அது எழுந்தது. கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் கட்டடக் கலைஞர் அதை வரைந்தார். தூண்கள் மெல்லியவை, சுவரில் ஒரு பூ வேலைப்பாடும் இல்லை, கூரை ஒரே தட்டையான கொங்கிறீற்றுப் பலகை. ஊர் அதற்கு “நெருப்புப்பெட்டி” என்று பெயர் வைத்தது. “தம்பி, முகட்டை எங்கை விட்டிட்டு வந்தனீர்? வள்ளத்திலை தவறிப்போச்சோ?” என்று ஒரு கிழவர் கேட்க, அவர் கோபிக்காமல் சிரித்தார். ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் சமூக சேவை உத்தியோகத்தரின் அறையும் மருத்துவமாதுவின் அறையும், நடுவில் திறந்த முற்றம். உதவி கேட்டு வருகிறவர்கள் றோட்டுப் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. முற்றத்து மர வாங்கில் உட்கார்ந்து பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புருஷனை இழந்த பெண்கள் பலர் பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரியே வந்து போனார்கள். யன்னல்களின் உயரத்தை முடிவுசெய்ய அந்த மனிதர் என்னை மண்ணில் இருத்தி, என் கண்ணுக்கு நேரே தடியை நட்டு, சோக்கினால் கோடு போட்டார். பிறகு பெரியவர்கள் வெளியே பார்ப்பதற்குக் குனிய வேண்டியிருந்தது. “குஞ்சுகளுக்குக் கட்டின வீடு, நாங்கள் கோழி மாதிரிக் குனியத்தான் வேணும்” என்று அம்மா சொல்லுவா.

இனித் தண்ணீர்க் கதை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி உவர். கொங்கிறீற்றுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், உவர்த் தண்ணீர் உள்ளே போடும் கம்பியைத் தின்றுவிடும் என்று கட்டடக் கலைஞர் சொல்லி, உழவு இயந்திரத்தில் பீப்பாக்களாக நல்ல தண்ணீர் வருவதற்கு ஒழுங்கு செய்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். பொறுப்பை ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரிடம் கொடுத்தார். அவருடைய பெயரை எழுதமாட்டேன். ஊரில் அதை அறியாதவர் இல்லை. அது மழை பொய்த்த வருடம். குடிக்கிற கிணறுகளும் கரிக்கத் தொடங்கியிருந்தன. கட்டட வளவில் வரிசையாக நின்ற பீப்பாக்களைப் பார்த்துத் தலைவர் சொன்னார்: “சீமெந்துக்கு ஏனப்பா நல்ல தண்ணி? தேத்தண்ணி குடிச்சோ அதுக்குப் பழக்கம்?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் நான்கு பீப்பாக்கள் அவருடைய புகையிலைத் தோட்டத்துக்குப் போயின. மிச்சத்தை ஊர் குடத்தில் அள்ளியது. தாகத்தில் கிடக்கிற தீவில் நல்ல தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றுவது பாவம் என்றே எல்லாரும் நம்பினார்கள். கூரை போட்ட நாளில் வளவுக் கிணற்று உவர்த் தண்ணீரில் கலவை குழைத்து, ஊரே வரிசையில் நின்று தாச்சி தாச்சியாகக் கைமாற்றி ஏற்றியது. கட்டடக் கலைஞர் வந்து, காய்ந்த கூரையைத் தட்டிப் பார்த்து, “வலு திறம்” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யுத்தத்தில் ஊர் கலைந்து, பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்கு ஓடும் இல்லை, நிலையும் இல்லை. நெருப்புப்பெட்டி மட்டும் நின்றது. அதைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. நான் ஆசிரியையாகி, நாற்பது கடந்து ஆரணியைப் பெற்றபோது, அவளை விடுவதற்கு வேறு இடத்தை யோசிக்கவேயில்லை. என்னை அளந்து கட்டிய இடம் அல்லவா.

போன மாரியில் ஒரு மதியம், பிள்ளைகள் படுத்திருக்கும்போது, கூரையின் அடிப்பக்கம் ஒரு கதிரை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. ஆரணியின் காறை எலும்பு முறிந்தது; தலையில் ஏழு தையல். அம்புலன்சில் யாழ்ப்பாணம் போகும் வழி முழுவதும், பண்ணைப் பாலத்தில் கூட, அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மேலே வாகனத்தின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாதக் கணக்காக அவள் எந்தக் கூரைக்குக் கீழும் கண் மூடவில்லை. நான் போகிற வீடுகளிலெல்லாம், கோயில் மண்டபத்தில், வங்கியில் கூட, கூட்டுகிற தும்புத்தடியை வாங்கி மேலே தட்டிப் பார்க்கத் தொடங்கினேன். வெறும்பெட்டி மாதிரிப் பொள்ளென்று சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

விழுந்த துண்டை உடைத்துப் பார்த்த மேசன், உள்ளே வீங்கித் துருவேறி, தொட்டாலே உதிர்ந்த கம்பியைக் காட்டினார். “இது பழசாகி விழுந்ததில்லை ரீச்சர். உப்பு. உவர்த் தண்ணியிலை குழைச்சிருக்கினம்.” அப்போதுதான் பீப்பாக்களுக்கு முன்னால் எழுந்த அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அதைத் தொடக்கிவைத்தவர் யார் என்பதும்.

தலைவர் கனடாவில் இருந்தார். பழையதை இடித்துப் புதியதைக் கட்ட அவருடைய பிள்ளைகள் உதவுகிறார்கள் என்று, எண்பது கடந்த அந்த மனிதரை அடிக்கல் வைக்கக் கூப்பிட்டார்கள். நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. பந்தலில் அவர், “இந்தக் கட்டடத்தை இந்தக் கையாலை கட்டினனான்” என்று பேசி முடித்ததும், நான் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு, அடைத்து வைத்திருந்த பழைய மண்டபத்துக்குள் போய், ஆரணியின் பாய் கிடந்த இடத்தில் வைத்தேன்.

“ஐயா, நீங்கள் கட்டினதுதானே. வந்து இதிலை ஒரு ஐஞ்சு நிமிசம் இருங்கோ.”

தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். அண்ணாந்து, தொங்கிய கம்பிகளைப் பார்த்தார். காலை உள்ளே வைக்கவில்லை. பின்னால் ஊர் முழுவதும் நின்றது.

“பயமாக் கிடக்கோ? நாலு வயசுப் பிள்ளையள் படுத்த இடம்.”

“எல்லாரும்தான் தண்ணி அள்ளினவை, பிள்ளை,” என்றார் மெல்ல. “உங்கடை அம்மாவும் குடத்தோடை வந்தவ.”

“ஓம், வந்தவ. செத்துப்போனா. நீங்கள் இருக்கிறியள்.”

“பிள்ளை இப்ப எப்பிடி?” என்று கேட்டார். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து வந்தேன். அடிக்கல்லை வேறொருவர் வைத்தார். அம்மாவை அவர் இதற்குள் இழுத்ததற்காக நான் இரண்டு நாள் அழுதேன்; அதற்காகவும் அவரை மன்னிக்கப் போவதில்லை.

பழைய கட்டடத்தை இயந்திரம் ஒரு காலைக்குள் தின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஓடு போட்ட, எல்லாக் கட்டடங்களையும் போன்ற ஒரு கட்டடம். முற்றம் இல்லை. உதவி கேட்டு வருகிற பெண்கள் றோட்டைப் பார்த்தபடி வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். போகிற வருகிற எல்லாரும் அவர்களைப் பார்க்கிறார்கள். அப்படியொரு நடு முற்றத்தை யோசித்த மனிதருக்கு எங்கள் பொய் கடைசிவரை தெரிந்திராது.

சங்கச் செயலாளர், என்னிடம் படித்த பொடியன், கிழமைக்கு ஒருக்கால் எங்கள் வாசல் படலையில் வந்து நிற்கிறார்.

“ரீச்சர், ஐயா நேற்றும் கனடாவிலையிருந்து போன் எடுத்தவர். பிள்ளை நித்திரை கொள்ளுறாளோ எண்டு கேட்டவர். தனக்கு அங்கை கண் மூட ஏலாமக் கிடக்காம். சுகம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடட்டே?”

“வேண்டாம். தெரியாது எண்டு சொல்லும்.”

“வயசு போன மனிசன், ரீச்சர்.”

“தெரியாது எண்டு சொல்லும்.”

நான் இதை எழுதும்போது ஆரணி உள்ளறையில் படுத்திருக்கிறாள். இரண்டு மாதமாக நன்றாகத்தான் தூங்குகிறாள், வாயைத் திறந்து, மெல்லக் குறட்டையும் விட்டுக்கொண்டு. அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.