விட்டிலருக்கு ஒன்பது புள்ளி

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் மார்லிஸ் டோலஃப்சனுக்குத் தன்னிடம் பொறாமை என்று ஒரு குணம் இருப்பதே தெரியாது. பொறாமைப்படும்படி எதிரே யாரும் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். விஸ்கான்சினின் வடகோடியில், மாவட்ட நெடுஞ்சாலை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. குளிர்காலத்தில் எந்த வண்டி எந்தச் சாலையில் பனி தள்ள வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பாள். ஓட்டுநர்கள் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் தன் பாதைதான் நீளம் என்று நினைப்பு.

"ஏரிச்சாலை முழுக்க என் தலையிலதான் கட்டணுமா? என் மேல அப்படி என்ன கோவம் உனக்கு?" என்று வருஷா வருஷம் வந்து நிற்பவன் கஸ்.

"உன்னுது நாப்பத்தியொரு மைல். மத்தவனுதெல்லாம் நாப்பத்திரெண்டு. போய் வண்டிய எடு," என்பாள் மார்லிஸ், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதே கஸ்தான் ஞாயிறு மதியங்களில் பந்துருட்டும் கூடத்து மாடியறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். கீழே கட்டைகள் சரியும் சத்தம், மேலே பகடை உருளும் சத்தம். அங்கே நாலு பேர் கூடி ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் 'துருவும் மந்திரமும்'. ஊரில் அச்சகம் வைத்திருக்கும் லைல் உருவாக்கி, விதிகளைப் புத்தகமாக அச்சிட்டு விற்பது. மந்திரம் ஓதினால்தான் கிளம்பும் விண்கலங்கள், பேய் பிடித்த இயந்திரங்கள் என்று கண்டதும் அதில் உண்டு. லைல் கதை சொல்லிக்கொண்டு போவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு இனத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிறவியாகவே பேசி, சந்தேகமான இடத்தில் பகடையை உருட்டி, பிழைப்பார்கள் அல்லது சாவார்கள்.

ஓர் இனத்துக்கு நாலு கை, இன்னோர் இனத்துக்குப் பித்தளை உடம்பு, வேறொன்றுக்கு இருட்டில் கண் தெரியும். இதில் எதுவும் எதையும் தூக்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது மார்லிஸ். ஒவ்வொரு குணத்துக்கும் இத்தனை புள்ளி என்று அவளிடம் ஓர் அட்டவணை இருந்தது. எந்த இனமானாலும் கூட்டினால் பன்னிரண்டு வர வேண்டும். பத்தொன்பது வருஷமாக லைல் அந்த அட்டவணையைக் கேட்காமல் ஒரு வரி அச்சிட்டதில்லை. புதன்கிழமை தோறும் தாள்களோடு அவள் அலுவலகத்துக்கு வந்து, காபியை ஆற விட்டுவிட்டு, "இது எவ்வளவு வருது மார்லிஸ்?" என்று கேட்பான். மனைவியை இழந்தவன். இதற்குக் காதல் என்று யாராவது பெயர் வைத்திருந்தால் மார்லிஸ் சிரித்திருப்பாள். ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் தலைக்குக் குளித்தாள் என்பதும் உண்மை.

இப்படி இருக்கையில்தான் ஐந்தாவது ஆளாகக் கோரா வந்தாள். டுலூத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள், வயது முப்பத்தெட்டு. முதல் ஞாயிறே எலுமிச்சைக் கேக் துண்டுகள் சுட்டு எடுத்து வந்தாள். மார்லிஸ் பத்தொன்பது வருஷமாகக் கொண்டுவரும் பன்றியிறைச்சி ரொட்டிகள் அன்று தட்டோடு அப்படியே திரும்பின. கஸ் மட்டும் ஒன்றை எடுத்தான், அதுவும் மரியாதைக்கு.

துண்டுகளை மன்னித்துவிடலாம். வந்த மூன்றாம் மாதம் கோரா ஒரு புதிய இனத்தையே எழுதி வந்தாள். அதன் பெயர் விட்டிலர். ஒரு விட்டிலர் என்றால் ஒரே உயிர் இல்லை. பழைய மேலங்கி ஒன்றுக்குள் ஆயிரம் விட்டில் பூச்சிகள் சேர்ந்து ஆள் மாதிரி நடப்பது. நாளுக்கு ஒருமுறை சிதறிப் பறந்து எந்த விரிசலிலும் நுழையலாம். ஆனால் கையிலிருப்பது கீழே விழுந்துவிடும். கவசம் போட முடியாது. விளக்கைக் கண்டால் கால்கள் அந்தப் பக்கமே போகும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மார்லிஸ் கணக்குப் போட்டுவிட்டாள். ஒன்பது புள்ளி. திரும்பக் கூட்டினாள். ஒன்பதுதான். நோஞ்சான் இனம், இன்னும் மூன்று புள்ளிக்கு ஏதாவது கொடுத்தால்தான் மற்றவற்றோடு நிற்கும்.

ஆனால் மேசையில் நடந்ததோ வேறு. கோரா விட்டிலராக வாயைத் திறந்தால் அந்த அறையில் வேறு யாருக்கும் வேலை இல்லை. இடது கைப் பூச்சிகளுக்கு வலது கைப் பூச்சிகளைப் பிடிக்காது. இரண்டு பக்கமும் சண்டை போட்டுக்கொண்டே பேசும். விண் நிலையத்துச் சுங்க அதிகாரியாக இருந்த லைல், "உள்ள எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டான்.

"அது இன்னும் முடிவாகலீங்க," என்றாள் கோரா. "உள்ள ஓட்டெடுப்பு நடக்குது. காலர் பக்கம் கள்ள ஓட்டுன்னு புகார் வேற. நீங்க கொஞ்சம் கண்காணிப்பாளரா வர முடியுமா?"

லைல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். தபால்காரர் வென்டல், ஞாயிற்றுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், மேசையைத் தட்டிச் சிரித்தார். சுங்கத்தைத் தாண்ட எவ்வளவு பகடை விழ வேண்டும் என்று மார்லிஸ் மனதுக்குள் கணக்கு வைத்திருந்தாள். லைல் பகடையையே கேட்கவில்லை. "போங்க, போங்க," என்று கையை ஆட்டிவிட்டான்.

மார்லிஸ் ஆடுவது கற்சுமையர் இனம். பாறை உடம்பு, நிதான நடை, சரியாகப் பன்னிரண்டு புள்ளி. அவளே உருவாக்கியது. பதினோரு வருஷமாக அதைத் தவறில்லாமல் ஆடிவருகிறாள். அவளுடைய கற்சுமையர் சுங்கத்தில் ஆறு முறை பகடை உருட்டி, ஐந்தில் தேறி, பாதி மூட்டையை அதிகாரியிடம் பறிகொடுத்துவிட்டு உள்ளே வந்தார். யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மேசையைக் கைக்குள் போட்டுக்கொண்ட இனம் எது என்று ஆளுக்கொரு அட்டையில் எழுதி, காலி ஐஸ்கிரீம் வாளியில் போட வேண்டும். ஓர் இனத்தின் பெயர் அடிக்கடி வந்தால் அது பலம் மிஞ்சிய இனம். அதைக் குறைக்க வேண்டும். கற்சுமையர் என்ற பெயர் அந்த வாளியில் ஒருநாளும் விழுந்ததில்லை. நான் செய்த கணக்கு அவ்வளவு கச்சிதம் என்று மார்லிஸ் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். விட்டிலர் முதல் வாரம் நாலு அட்டை வாங்கியது. இரண்டாம் வாரம் நாலு. மூன்றாம் வாரமும் நாலு. மீதி ஒன்று ஒவ்வொரு வாரமும் காலியாக இருந்தது, அது மார்லிஸுடையது.

புதன்கிழமை லைல் வந்தான். "விட்டிலர் தாளைக் கோராகிட்ட காட்டினேன். அவளுக்கே சங்கடமா இருக்காம். சிதறிப் பறக்கறத எடுத்துடலாங்கறா. உன் கணக்குல எவ்வளவு வருது?"

கோராவிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறான். அவளிடம் முதலில், இவளிடம் பிறகு. மார்லிஸ் அட்டவணையைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் போட்டு முடிக்கல," என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் பொய் அது. சிதறிப் பறப்பதையும் எடுத்துவிட்டால் விட்டிலர் ஐந்து புள்ளிக்கு இறங்கிவிடும். அதைத் தொட ஆள் இருக்காது. அடுத்த பதிப்பில் காணாமலே போகும். இது அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், காரியம் தானாக நடந்துவிடும். இதுவும் தெரியும்.

"திங்கக்கிழமை அச்சுக்கு ஏத்தணும். ஞாயித்துக்கிழமை முடிவு சொல்லிடு," என்றான் லைல். "நீ சொல்றதுதான்."

நீ சொல்றதுதான் என்றானே, அந்த வார்த்தைதான் அவளை நாலு நாள் தூங்கவிடாமல் அடித்தது. ஒருவேளை அட்டவணையே தவறோ? விட்டிலரிடம் எண்ணுக்குச் சிக்காத பலம் ஏதோ இருக்கிறதோ? இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி இருந்தால் அவள் பொய்யும் சொன்னவளாக மாட்டாள், கோராவின் பூச்சிகளும் ஒழியும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி இருந்தது. சந்தேகப்படுகிறவர் தானே ஆடிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பித்தளையரைப் பற்றி கஸ் இரண்டு வருஷம் புலம்பிய காலத்தில், அவன் வாயை அடைக்க மார்லிஸ் எழுதிய விதிதான் அது.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்று சொன்னாள். "இன்னிக்கு விட்டிலரை நான் ஆடறேன். கற்சுமையரை கோரா ஆடட்டும். அதே சுங்கம், அதே விண்கப்பல்."

"ஐயோ, உங்க கற்சுமையரையா? நான் அதக் கெடுத்துடுவேன் மார்லிஸ்," என்றாள் கோரா. நிஜமாகவே பயந்தாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் மார்லிஸுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சுங்கத்தில் லைல் கேட்டான், "உள்ள எத்தனை பேர் வர்றீங்க?"

"ஆயிரம்," என்றாள் மார்லிஸ்.

லைல் காத்திருந்தான். அவளிடமிருந்து வேறொன்றும் வரவில்லை. "அப்ப ஆயிரம் பேருக்கும் கடவுச்சீட்டு வேணுமே," என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில். "பகடைய உருட்டு." மூன்று விழுந்தது, போதவில்லை. வேறு வழியில்லாமல் சிதறிப் பறந்து கதவிடுக்கில் நுழைந்தாள். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. இரண்டாவது அறையில் விளக்கு இருந்தது. விளக்குக்குப் பின்னால் இயந்திர விசிறி இருந்தது.

"செத்துட்டியா?" என்றான் கஸ்.

"முக்கால்வாசி."

"மிச்சக் கால்வாசி அங்கிய வெச்சு ஒரு கைக்குட்டைதான் தைக்கலாம் மார்லிஸ்."

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது அவர்களுக்கு. அது தெரிந்து அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த பகடையில் அந்தக் கால்வாசியும் போயிற்று. செத்தவர்களுக்கு ஆட்டத்தில் வேலை இல்லை. மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு தன் கற்சுமையர் இன்னொருத்தி வாயில் பேசுவதைக் கேட்டாள். கோரா அவரை ரொம்ப மெதுவாகப் பேச வைத்தாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் அடுத்த அறையில்தான் வரும். சுங்க அதிகாரி சாமான் விவரம் கேட்டதற்கு, கப்பல் ஏறி வெகுநேரம் கழித்து, சண்டைக்கு நடுவில் திடீரென்று, "மூணு மூட்டை. ஒண்ணுல சாக்கு மட்டும்," என்றார் கற்சுமையர். வென்டல் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். கப்பல் உடையப்போகிற நேரத்தில் கற்சுமையர் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாரும் தப்பி ஓடிய பிறகு, "வர்றியா?" என்று கஸ் கூப்பிட்டான். கோரா பதிலே சொல்லவில்லை. இனி பதில் வராது என்று எல்லாருக்கும் புரிய வெகுநேரம் ஆயிற்று. கஸ் மூக்கை உறிஞ்சினான்.

பதினோரு வருஷம். ஒரு தடவையாவது அந்தக் கல்லுக்குள் இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியதுண்டா? தோன்றவில்லை. தன் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்த்தான் வாய் திறந்து பாடுகிறது என்று கேள்விப்பட்ட தாய் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வாளியைக் கவிழ்த்தார்கள். நாலு அட்டையில் கற்சுமையர். ஒன்று காலி.

"இது என்னடா வம்பு," என்றான் கஸ். "மூணு வாரமா பூச்சிய வெட்டச் சொன்னோம். இப்ப கல்லையும் வெட்டணுமா?"

"ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சுடலாமா?" என்றான் லைல். கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, வழக்கம் போல அவள் முகத்தைப் பார்த்தான். "மார்லிஸ்?"

சரி என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் பூச்சிகள் ஒழிந்தன. மார்லிஸ் இன்று எப்படி ஆடினாள் என்பதும் அதோடு மறந்துபோகும். தலையாட்டினால்கூடப் போதும்.

"விட்டிலருக்கு ஒம்பது புள்ளிதான் வருது," என்றாள். "மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. நான்தான் சொல்லல."

லைல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "போட்டு முடிக்கலன்னியே."

"பொய் சொன்னேன்."

கீழே யாரோ பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்துக் கூச்சல் போட்டார்கள். கோரா, எதுவும் புரியாதவளாக, "அப்ப என் பூச்சிங்க நல்லா இல்லையா?" என்று கேட்டாள்.

"பூச்சியும் பலசாலி இல்ல, கல்லும் பலசாலி இல்ல. நாற்காலி மாறிச்சு, அட்டையும் கூடவே மாறிச்சு. நீ வாயைத் தொறந்தா லைல் பகடையே கேக்க மாட்டேங்கறான். உன்னை எந்தப் புள்ளியில எழுதறது?" மார்லிஸ் அட்டைகளைத் திரும்ப வாளிக்குள் போட்டாள். "புத்தகம் வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நீ கூடப் போக முடியாது கோரா. அவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரிதான் இருப்பாங்க. எத்தனை பேர்னு கேட்டா ஆயிரம்னு சொல்லிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்க கையில இந்த இனம் ரெண்டாவது ரூம்லயே செத்துடும். சிதறிப் பறக்கறத ரெண்டு தடவையாக்கு லைல். கையில இருக்கற சாமான்ல ஒண்ணு கூடவே போகட்டும். பன்னெண்டு வந்துடும்."

கணினியில் அந்த இனத்துக்குக் கீழே சோதனைக் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. யார் ஆடினார், என்ன ஆயிற்று என்று அதில் எழுதினால்தான் மாற்றம் செல்லும். லைல் தயங்கினான். "இதுல உன் பேர் வேண்டாம். பொதுவா ஒருத்தர்னு போட்டுக்கறேன்."

"என் பேரைப் போடு. இரண்டாம் அறையில் மரணம்னு போடு. இல்லன்னா நாளைக்கு யாராவது படிச்சுட்டு நம்ப மாட்டாங்க."

கோரா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "என் பூச்சிங்களுக்காக இவ்வளவு செய்யறீங்களே," என்றாள். அவளுக்காகச் செய்யவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது மார்லிஸுக்கு. அடுத்த ஞாயிறு இவள் இந்தப் பன்னிரண்டு புள்ளிப் பூச்சியோடு வந்து உட்காருவாள், லைல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிப்பான், அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் கூடவே ஓடியது. கையை விடுவித்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய் லைலுக்குப் பின்னால் நின்றாள். அவன் எண்களை ஒவ்வொன்றாக அடித்தான். ஓரிடத்தில் தப்பாக அடித்ததைத் திருத்தச் சொன்னாள். மேலிருந்து கீழாக ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வந்தது. வயிறு எரிய எரிய, "சரியா இருக்கு, சேமிச்சுடு," என்றாள்.