மாதா எந்தக் கயிற்றில்?

கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மண்டைக்குள் பளிச்சிட்டது. இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் போய்விடும். இதைத்தானே வாரக்கணக்காகக் கரும்பலகையில் எழுதித் தொண்டை வற்றக் கத்தினேன்! சொத்து ஒரு பக்கம்; கடனும் உரிமையாளரின் முதலும் மறுபக்கம்; இரண்டும் எப்போதும் சமன்.

அவசரமும் இருந்தது. என் ரியூசன் வகுப்புக்கு வயல் ஊரான அடம்பனிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை ஒருத்தி, "கணக்கீடு எனக்கு ஓடாது மிஸ். திங்கட்கிழமை கலைப்பிரிவுக்கு மாறப்போறன்" என்று சொல்லிவிட்டிருந்தாள். இடையில் இருந்தது ஒரேயொரு சனிக்கிழமை.

அன்று கதிரைகளை ஓரங்கட்டித் தரையில் இரண்டு கயிறு விரித்தேன். ஆளுக்கொரு படம் கழுத்தில். படகு, வலை, எஞ்சின் சொத்துக் கயிற்றில்; வங்கிக் கடனாக ஒருத்தியும், படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முதலாக இருவரும் மற்றதில். பிறகு இரண்டு பெட்டி மீன் பட்டது: மீனாக இருவர் இங்கே, இலாபமாக இருவர் அங்கே. கரையோரப் பிள்ளைகள் துள்ளினார்கள்.

"அதில ஒரு பெட்டி மாதாவுக்கெண்டு சம்மாட்டி நேர்ந்து வச்சது. இன்னும் குடுக்கேல்லை" என்றேன்.

மாதா படம் மாட்டியவன் நேரே போய்ப் படகுக்கு முன்னால் நின்றான். "படகில அவவின்ர பேர்தானே மிஸ்!"

சொத்துப் பக்கம் ஒராள் கூடிவிட்டது.

"விலத்தடா!" என்றது வலை.

"மாதாவை ஆர் விலத்துறது? நீ விலத்து பாப்பம், கடலுக்குப் போறவன்தானே!" என்றது எஞ்சின்.

ஒருவரும் அசையவில்லை. மாதாவை விலத்த எனக்கும் கை வரவில்லை. நானும் கரையில் வளர்ந்தவள்தான்.

அடம்பன்காரி மூலையிலிருந்து எழும்பினாள். "பிள்ளையாருக்குப் பொங்கல் நேர்ந்தா, பொங்குமட்டும் எங்கட அம்மாவுக்கு அது கடன். மாதா மற்றக் கயிற்றில, வங்கிக்குப் பக்கத்தில நிக்கட்டும். நேர்ந்த பெட்டி இலாபமில்லை, அதால இலாபத்தில ஒராள் வெளியால போகோணும்."

"மாதாவும் வங்கியும் ஒண்டோ?" என்று கேட்டது எஞ்சின்.

"இல்லை. மாதா வட்டி கேக்கமாட்டா."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. இலாபம் ஒன்று முனகிக்கொண்டு வெளியேற, இரண்டு கயிறும் சமன்.

போகும்போது அவளை மறித்தேன். "அப்ப திங்கட்கிழமை?"

"நான் மாறேல்லை மிஸ். ஆனா எந்தநாளும் கடலெண்டா சரிவராது. எங்கட மாடு சினை. கன்று போட்டா எந்தக் கயிறு?"

மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது பால்தேநீர் வரைதான். அடுத்த சனிக்கிழமை வயலும் மாட்டுப் பட்டியும், அவள்தான் சம்மாட்டி. கன்றின் படத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அது நாய் மாதிரித்தான் இருக்கிறது.