மாமியின் மாசிபத்திரி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசற்படியின் இரு பக்கமும் சாடிகளில் மாசிபத்திரி நின்றது. இலையின் மேற்புறம் கரும்பச்சை. கடற்காற்றில் புரண்டால் அடிப்புறம் வெள்ளியாய்த் தெரியும். மருந்துக்கோ பூசைக்கோ அல்ல, அழகுக்காகவே அப்பாவின் அக்காவான மாமி அதை வளர்த்தார். புதராய்க் கலைந்துவிடாமல் ஞாயிறுதோறும் கத்தரித்து உருண்டையாக்குவார். மாமி கணக்கு ரீச்சர். என் வகுப்புக்கும் அவர்தான். சேலை கசங்கி அவரைத் தெருவில் கண்டவர் இல்லை.

யுத்த காலம். ஒரு விடியற்காலையில் ஒழுங்கையைச் சுற்றிவளைத்துச் சோதனை செய்தார்கள். எங்கள் அடையாள அட்டைகளில் குறை காணாத பொலிஸ்காரர் ஒருவர், வெளியேறும்போது சாடியருகே நின்றுவிட்டார். கீறிவிட்டதுபோலப் பிளவுபட்ட அந்த இலையைக் கிள்ளிப் பார்த்து, "மேக கஞ்சா நேத?" என்றார். கஞ்சா இல்லை என்று மாமி சிங்களத்தில் எவ்வளவோ விளங்கப்படுத்தினார். சாடியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சேலை மாற்ற அவகாசம் கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை.

வீட்டுச் சட்டையோடு, சாடியை நெஞ்சோடு அணைத்தபடி, மாமி ஒழுங்கை நெடுக நடந்தார். அம்மாவும் நானும் பின்னால் போனோம். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் யன்னல் திரைகள் விலகின, பிறகு மூடின. எல்லோருக்கும் பயம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஸ்டேஷனில் பெரிய அதிகாரி இலையைக் கசக்கி மணந்து சிரித்தார். "வல் கொளொந்து!" மாசிபத்திரிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். தன் தாயும் ஊரில் வளர்க்கிறாராம். மாமியை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான்.

போனவர் அன்றே திரும்பியது புண்ணியம் என்று அயலவர்கள் வந்து சொன்னார்கள். மாமி எல்லோருக்கும் தலையாட்டினார். அவர்கள் போனபின் அம்மாவிடம் கேட்டார்:

"எல்லாரும் பாத்தவை, என்ன?"

"ஓம் மச்சாள். அதுக்கு ஆர் என்ன நினைக்கப்போகினம்?"

மாமியின் அன்றைய வயதை நான் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்குகிறது: உயிரோடு திரும்பியவர் வெட்கப்படுவதற்குக்கூட அந்த நாட்களில் இடமிருக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தார். எழுந்து வணக்கம் சொன்னோம். கரும்பலகைப் பக்கம் திரும்பியவர் பிறகு எங்களைப் பார்க்கவே இல்லை. பலகை நிறைந்தது. அழிப்பான் பின்னால் மேசையில் கிடந்தது. அதை எடுக்கத் திரும்பாமல், எழுதிய கணக்கின் மேலேயே அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினார். யாரும் சிரிக்கவில்லை. முன்வாங்கில் இருந்த ஒருத்தி, வாசிக்க முடியாத அந்த எழுத்துகளைப் பார்த்தெழுதுவதுபோலக் கொப்பியில் குனிந்தாள். நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம்.